மயிற்கொன்றையின் மறுபக்கம்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



வெப்ப நாடுகளில் அயலார் வாழ்ந்த வாழ்வையும் அவர்தம் பயணத் துணிச்சலையும் குறித்துப் பேசுமாறு விழாக் குழுவினர் எனக்குப் பணித்துள்ளனர். பரந்த தலைப்பு இது. கடலை முகந்து குடத்தில் அடைக்க என்னால் இயலாது. ஆகவே ஒரு பெண், அவர் எழுதிய ஒரு நூல், அந்நூலின் நாற்பத்தைந்தாம் படம் என்று என் எல்லையை வகுத்துக்கொள்கிறேன். அந்தப் படத்தில் இருப்பது நம் எல்லோர்க்கும் தெரிந்த ஒரு மலர். மயிற்கொன்றை.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நம் மாதக் கூட்டம் ஒன்றில் இளங்கவிஞர் ஒருவர் மயிற்கொன்றையைப் பாடிய கவிதை ஒன்றைப் படித்தார். சங்கப் புலவர்கள் பாடிய கொன்றையே அது என்னும் எண்ணத்தில் கார்காலத்தையும் முல்லை நிலத்தையும் அதனோடு இணைத்திருந்தார். நான் எழுந்தேன். சங்கக் கொன்றை பொன்னிறச் சரமாகத் தொங்கும் சரக்கொன்றை என்றும், வேலியோரத்தில் ஆள் உயரத்திற்குச் சற்று மேல் வளர்ந்து, செம்மையும் மஞ்சளும் கலந்த இதழ்களும் நீண்ட மகரந்தத் தாள்களும் கொண்டு நிற்கும் மயிற்கொன்றை அமெரிக்க வெப்ப மண்டலத்திலிருந்து கடல் கடந்து வந்த செடி என்றும், சித்திரையில் சாலையெங்கும் சிவக்கும் பெருமரம் இன்னொன்று என்றும் நீளப் பேசினேன். அவர் தலைகுனிந்து அமர்ந்தார். அம்மலரைப் பற்றிச் சொல்லவேண்டிய யாவற்றையும் சொல்லிவிட்டதாக எண்ணி நானும் அமர்ந்தேன். என் தாவரவியல் பிழையற்றது. ஆனால் மலரை நான் அறிந்திருக்கவில்லை. அதனை எனக்கு அறிவித்தவர் மரியா சிபில்லா மெரியான்.

மெரியான் 1647ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் பிறந்தவர். தந்தையார் புகழ்பெற்ற செப்புத்தகட்டு ஓவியர், அச்சகமும் நடத்தியவர். மகளுக்கு மூன்று வயதாகும்போதே அவர் மறைந்தார். தாய் மறுமணம் செய்துகொண்ட ஓவியரே மெரியானுக்கு மலர் ஓவியம் கற்பித்த ஆசான். பதின்மூன்றாம் வயதில் பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கிய அச்சிறுமி, புழு கூடாவதையும் கூடு பிளந்து பூச்சி வெளிவருவதையும் நாள்தோறும் பார்த்துக் குறித்துவைத்தாள். அழுகலிலிருந்தும் சேற்றிலிருந்தும் புழுக்கள் தாமே தோன்றுகின்றன என்று கற்றோரும் நம்பிய காலம் அது. முட்டை, புழு, கூடு, பூச்சி ஆகிய நான்கையும், அப்புழு எந்தச் செடியின் இலையைத் தின்கிறதோ அந்தச் செடியின்மேல் ஒரே படத்தில் வரைந்து காட்டியதே மெரியான் செய்த புதுமை. 1679இல் வெளிவந்த அவருடைய புழு நூல் இம்முறையில் அமைந்தது.

திருமணம் செய்துகொண்டார், இரண்டு பெண்மக்களைப் பெற்றார். கணவரோடு வாழ்வு ஒத்துவரவில்லை. 1685இல் தாயையும் மக்களையும் அழைத்துக்கொண்டு நெதர்லாந்தின் பிரீஸ்லாந்துப் பகுதியில் இருந்த ஒரு கடுந்துறவுச் சமயக் குழுவில் சேர்ந்தார். அக்குழுவினர் தென்னமெரிக்காவின் சுரிநாமில் ஒரு தோட்டக் குடியிருப்பு நடத்தி வந்தனர். அதன்பின் 1691இல் ஆம்ஸ்டர்டாமுக்குக் குடிபெயர்ந்து, ஓவியம் விற்றும் மாணவியர்க்குக் கற்பித்தும் தம் கையை ஊன்றி நின்றார். செல்வர்களின் காட்சிப் பேழைகளில் வெப்ப நாட்டுப் பட்டாம்பூச்சிகள் ஊசி குத்திக் கிடப்பதை அந்நகரில் கண்டார். அழகு இருந்தது, பிறப்பு வளர்ப்பு இல்லை. எந்தப் புழு, எந்த இலை என்னும் வினாவுக்கு அங்கே விடை கிடைக்கவில்லை. விடை தேடிக் கடல் கடக்கத் துணிந்தார்.

1699ஆம் ஆண்டு. மெரியானுக்கு வயது ஐம்பத்திரண்டு. அரசரோ வணிகக் குழுமமோ பொருள் தரவில்லை. தம்மிடமிருந்த 255 ஓவியங்களை விற்றுப் பணம் திரட்டினார். திரும்பி வருவது உறுதியில்லை என்பதால் உயிலும் எழுதிவைத்தார். இளைய மகள் டொரோத்தியாவை மட்டும் துணைக்கொண்டு கப்பலேறினார். ஆண் துணையின்றி இரு பெண்கள் அறிவைத் தேடி அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்தது அந்நாளில் வியப்பு. இந்நாளிலும் நம் வீடுகளில் எத்தனை பேர் உடனே இசைவு தருவர் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அன்றைய சுரிநாம் சர்க்கரையின் நாடு. 1667ஆம் ஆண்டின் பிரெடா உடன்படிக்கையில் ஆங்கிலேயர் அதனை ஒல்லாந்தர்க்கு விட்டுக்கொடுத்தனர். ஒல்லாந்தர் இழந்த வட அமெரிக்கக் குடியேற்றமே இன்றைய நியூயார்க். அரவாக்கர், காரிபர் முதலான முதற்குடி மக்களின் நிலம் தோட்டங்களாகத் துண்டாடப்பட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டவர்கள் கரும்பு வெட்டினர். ஆலையில் கரும்போடு சேர்ந்து கையும் நசுங்கினர். இவர்கள் உழைப்பின்மேல் அமர்ந்து சிறு கூட்டமாக வெள்ளையர் வாழ்ந்தனர்.

பரமரிபோ நகரில் மெரியான் ஒரு வீட்டில் தங்கித் தோட்டமும் போட்டார். வெப்பம் தாளமுடியாதது என்று அவரே எழுதியுள்ளார். கூட்டிலிருந்து பூச்சி எந்நேரம் வெளிவரும் என்று சொல்லமுடியாது. வந்த வண்ணத்திலேயே வரையவேண்டும். ஆறப்போட்டால் நிறம் மாறிவிடும். ஆகவே இரவும் பகலும் காத்திருப்பே அவர் வாழ்வாயிற்று. ஒருநாள் முதற்குடியினர் கொணர்ந்து தந்த பெரும்பூச்சிகளைப் பெட்டியிலிட்டு வைத்தார். நள்ளிரவில் பெட்டி இரைந்தது. திறந்தபோது தீச்சுடர்போல் ஒளி வீசிற்று என்று எழுதினார். அப்பூச்சி ஒளிர்வதில்லை என்பது பின்னாளில் தெளிவாயிற்று. மாறாக, பறவையைப் பற்றித் தின்னும் பெருஞ்சிலந்தியை அவர் வரைந்ததைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர் சிலர் கட்டுக்கதை என்று எள்ளினர். அமேசான் காட்டில் பதினோராண்டு தங்கிய ஹென்றி வால்டர் பேட்ஸ், சிலந்தி பறவையைப் பிடித்ததைத் தம் கண்ணால் கண்டதாக 1863இல் எழுதிய பிறகே எள்ளல் அடங்கிற்று. பிழையும் உண்டு, பிழை என்று பழிக்கப்பட்ட மெய்யும் உண்டு. பயண நூலுக்கு இது இயல்பு.

தோட்ட முதலாளிகள் மெரியானைப் பார்த்துச் சிரித்தனர். சர்க்கரையை விட்டு வேறொன்றைத் தேடுகிறாரே என்பது அவர்கள் ஏளனம். அந்நிலத்தில் விளையக்கூடியவை எத்தனையோ இருக்க, கரும்பைத் தவிர எதையும் பாராத அவர்கள் குறுகிய நோக்கை அவரும் நூலில் பதிந்து வைத்தார்.

இனி நான் சொல்லவிருப்பதில்தான் நம் தலைப்பின் முள் இருக்கிறது. அடர்ந்த காட்டினுள் மெரியான் எவ்வாறு நுழைந்தார்? முள்ளும் கொடியும் பின்னிக் கிடந்த காட்டில் கோடரி கொண்டு வழி வெட்டியவர்கள் அடிமைகள். அரிய புழுக்களைத் தேடிக் கொணர்ந்தவர்கள் அடிமைகள். இச்செடி இந்நோய்க்கு மருந்து, இவ்வேரைத் தின்னலாம், இப்பழம் நஞ்சு என்று சொன்னவர்கள் முதற்குடிப் பெண்களும் ஆப்பிரிக்கப் பெண்களும். அவர்களை 'என் அடிமைகள்' என்றே நூலில் குறிக்கிறார். நாம் போற்றும் இந்தத் துணிச்சல்மிக்க பெண், மனிதரை உடைமையாகக் கொண்ட வாழ்வில் பங்கு கொண்டவர். இதனை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது பொய்ப்புகழ் ஆகும்.

ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் காய்ச்சல் அவரை வீழ்த்தியது. 1701 ஜூன் மாதம் கப்பலேறினார். சாராயத்தில் ஊறிய பூச்சிகள், உலர்த்திய செடிகள், வரைந்த தோல்தாள்கள் ஆகியவற்றோடு முதற்குடிப் பெண் ஒருத்தியையும் உடன் அழைத்து வந்தார். செடிகளைப் பற்றிய குறிப்புகளுக்கு அப்பெண் துணை நின்றிருக்கவேண்டும். 1705இல் அறுபது படங்களோடு 'சுரிநாம் பூச்சிகளின் உருமாற்றம்' என்னும் பெருநூல் இலத்தீனிலும் டச்சிலும் வெளிவந்தது. செடிகளின் பெயர்களை அந்நிலத்து மக்கள் வழங்கியவாறே தந்திருப்பதாக அதன் முன்னுரையில் மெரியான் கூறுகிறார். பாராட்டத்தக்க நேர்மை. ஆனால் அவையோரே, செடிகளின் பெயர்களைச் சொன்ன பெண்களின் பெயர்கள் எங்கே? உடன் வந்த பெண்ணின் பெயர் எங்கே? நூலில் புழுவுக்கும் வரலாறு இருக்கிறது. அவளுக்குப் பெயரும் இல்லை.

இப்போது நாற்பத்தைந்தாம் படத்திற்கு வருகிறேன். நம் மயிற்கொன்றை அதில் பூத்து நிற்கிறது. தண்டில் புழு ஊர்கிறது, அருகே கூடு, மேலே நீண்ட நாவைச் சுருட்டிய அந்துப்பூச்சி. மெரியான் தந்த இலத்தீன் பெயருக்கும் 'மயில் மலர்' என்பதே பொருள். கடலுக்கு இருபுறமும் இம்மலர் கண்டோர்க்கு மயிலே நினைவுக்கு வந்திருக்கிறது. படத்தை மட்டும் பார்ப்பவர், அழகு, அழகு என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டிவிடுவர்.

படத்தின் அருகே எழுதியிருப்பது வேறு. பேறுகாலத்தில் வலியோடு வருந்தும் பெண்களுக்கு இச்செடியின் விதையைத் தருவர் என்று குறிப்பிட்டுவிட்டு, அடுத்து மெரியான் கூறுவதன் சாரம் இது: ஒல்லாந்தரின் கீழ்க் கொடுமைக்குள்ளான முதற்குடிப் பெண்கள் இவ்விதையைக் கொண்டு தம் கருவைக் கலைத்துக்கொள்கின்றனர், தம்மைப் போல் தம் பிள்ளையும் அடிமையாகக் கூடாது என்பதே காரணம். கினியாவிலிருந்தும் அங்கோலாவிலிருந்தும் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கப் பெண்களும், இரக்கமின்றி நடத்தப்பட்டால் பிள்ளை பெற மறுக்கின்றனர். உயிரையே மாய்த்துக்கொள்வோரும் உண்டு. இறந்தபின் தாய்நாட்டில் தம்மவரிடையே விடுதலை பெற்றவராய்ப் பிறப்போம் என்று நம்புகின்றனர். இதனை அப்பெண்களே தம்மிடம் நேரில் கூறியதாக மெரியான் முடிக்கிறார்.

இப்பகுதியைப் படித்த அன்று மாலை என்னால் கல்லூரித் தோட்டத்தைக் கடந்து செல்ல இயலவில்லை. நாள்தோறும் நான் கடக்கும் மயிற்கொன்றை அங்கே தட்டைக் காய்களோடு நின்றது. அக்காயினுள் விதைகள் இருக்கின்றன என்பதை அன்றுதான் என் உள்ளம் உணர்ந்தது.

ஒன்றை எண்ணிப் பாருங்கள். அடிமைத் தாயின் வயிற்றில் பிறப்பது அடிமை என்பது அந்நாட்டுச் சட்டம். ஆகவே அவள் கருவும் முதலாளியின் கணக்கேட்டில் வரவு. கையும் காலும் நேரமும் உறக்கமும் பிறருடையவை. அவளுக்கென எஞ்சியது இவ்விதையைப் பற்றிய அறிவு ஒன்றே. அதனைக் கொண்டு அவள் செய்தது கொடுமையா, அன்பா, போரா? மூன்றும் என்றே எனக்குத் தோன்றுகிறது. தாலாட்டுப் பாடவேண்டிய ஒரு வாய், உன்னை இவ்வுலகுக்கு வரவிடமாட்டேன் என்று தன் பிள்ளையிடம் சொல்ல நேர்ந்த துயரத்தை எந்தச் சொல்லால் அளப்பது? அதைச் செய்தவர்களுக்கு நாம் தீர்ப்பு வழங்க வேண்டா. அவளை அந்நிலைக்குத் தள்ளியதற்கன்றோ தீர்ப்பு வேண்டும்.

அம்மலர் பின்னர் என்ன ஆயிற்று? அழகுச் செடியாக ஐரோப்பியத் தோட்டங்களுக்கும், வெப்ப நாடுகள் பலவற்றுக்கும் பரவியது. லின்னேயஸ் 1753இல் அதற்கு அறிவியற்பெயர் சூட்டியபோது, கரீபியத் தீவுகளை ஆண்ட பிரெஞ்சு ஆளுநர் ஒருவரின் நினைவாக வழங்கிய பொதுப்பெயரோடு 'மிக அழகியது' என்னும் சிறப்புப் பெயரைச் சேர்த்தார். பின்னாளில் அது இத்தாலிய அறிஞர் ஒருவரின் பெயர் தாங்கிய இனத்துக்கு மாற்றப்பட்டது. ஆளுநர்க்கு இடம் இருந்தது. அறிஞர்க்கு இடம் இருந்தது. அம்மலரின் பயனை உயிரைக் கொடுத்து அறிந்திருந்த பெண்களுக்கு இடமில்லை. அமெரிக்க வரலாற்றறிஞர் லோண்டா ஷீபிங்கர் 2004இல் வெளியிட்ட நூலில், செடி ஐரோப்பாவுக்குச் சென்றது, பெண்களின் அறிவு செல்லவில்லை என்பதை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இது மெரியான் ஒருவரின் குறையன்று. வெப்ப நாட்டுப் பயண நூல்கள் பலவற்றின் அமைப்பே அது. ஆல்பிரட் ரசல் வாலஸ் 1854 முதல் 1862 வரை மலாய்த் தீவுக்கூட்டத்தில் சுற்றியவர். சரவாக்கில் சமையல் உதவிக்குச் சேர்ந்த அலி என்னும் மலாய் இளைஞன், பறவையைச் சுடவும் தோலுரித்துப் பதப்படுத்தவும் கற்று, அவருடைய வலக்கையானான். 1858இல் பச்சான் தீவில், அதுவரை அறிவுலகம் காணாத சொர்க்கப் பறவை ஒன்றை வாலஸுக்குக் கொணர்ந்து கொடுத்தவன் அலியே. அப்பறவை இன்று தாங்கி நிற்பதோ வாலஸின் பெயர். வாலஸ் நன்றி மறந்தவர் அல்லர். அலியின் பெயரைத் தம் நூலில் எழுதினார். 1905இல் வெளியிட்ட தன்வரலாற்றில் அவன் நிழற்படத்தையும் சேர்த்தார். சுரிநாமின் பெண்களுக்கு அந்த அளவும் வாய்க்கவில்லை.

இவையெல்லாம் எங்கோ நடந்தவை என்று நாம் ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. அதே ஒல்லாந்தரின் மற்றொரு குழுமம் 1658இல் நாகப்பட்டினத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றி 1781 வரை வைத்திருந்தது. 1659ஐ ஒட்டித் தஞ்சைத் தரணியைப் பஞ்சம் வாட்டியபோது, சோற்றுக்காக விற்கப்பட்ட நம் மக்கள் ஆயிரக்கணக்கில் அத்துறைமுகம் வழியே இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். அவர்கள் பயணமும் வெப்ப நாட்டுப் பயணமே. அவர்களும் அயல்நிலத்தில் வாழ்ந்தவர்களே. அவர்களுள் எழுதியவர் யார்? அவர்கள் எந்த மலரைப் பார்த்து ஊரை நினைத்தனர்? துணிச்சல் என்னும் சொல்லைக் கப்பலின் மேல்தட்டில் நின்றவர்க்கே வழங்கிவிட்டு, அடித்தட்டில் கிடந்தவர்க்கு நாம் ஒரு சொல்லும் வைக்கவில்லை.

தமிழாசிரியை என்னும் முறையில் ஒன்று கூறி நிறைவு செய்வேன். நம் முன்னோர் பாடலை முதல், கரு, உரி என்று பிரித்தனர். நிலமும் பொழுதும் முதல். மரமும் புள்ளும் விலங்கும் உணவும் தொழிலும் கரு. மாந்தர் உள்ளத்தில் நிகழ்வது உரி. கருப்பொருளை எத்துணை அழகாக அடுக்கினாலும் உரிப்பொருள் இல்லையேல் அது அகப்பாட்டு ஆகாது. மெரியானின் படங்கள் அரிய கருப்பொருள் ஓவியங்கள். புழுவையும் இலையையும் பிரிக்காமல் ஒரு நிலத்தில் வைத்துக் காட்டியவை. ஆயின் நாற்பத்தைந்தாம் பக்கத்தின் உரிப்பொருள் அவருடைய தூரிகையில் இல்லை. அவரிடம் பேசிய பெயரற்ற பெண்களின் வாய்ச்சொல்லில் இருந்தது. கூடல், பிரிவு, இருத்தல், இரங்கல், ஊடல் என்னும் ஐந்தில் எதனுள்ளும் அது முழுதாக அடங்காது. மெரியானின் பெருமை யாதெனில், கேட்டதை மறைக்காமல் எழுதிவைத்தார். அவர் எழுதாமல் விட்டிருந்தால், மயிற்கொன்றை நமக்கு என்றென்றும் அழகுச் செடியாகவே நின்றிருக்கும். அவருடைய குறை யாதெனில், சொன்னவளைப் பெயர் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் எழுதவில்லை.

ஆகவே கவிஞர் பெருமக்களே, பயணம் சென்று வந்து பாடுங்கள். மூணாறு பாடுங்கள், அந்தமான் பாடுங்கள், மலேயா பாடுங்கள். மலையும் மழையும் மலரும் உங்கள் பாட்டில் வரட்டும். ஆனால் வழி வெட்டியவர் யார், சுமை தூக்கியவர் யார், அம்மலரின் பெயரை உங்களுக்குச் சொன்னவர் யார் என்று ஒருமுறை கேளுங்கள். கேட்டுத் தெரிந்ததை எழுதுங்கள்.

அன்று தலைகுனிந்து அமர்ந்த அந்த இளங்கவிஞர் இதோ இந்த அவையில் அமர்ந்திருக்கிறார். தம்பி, அன்று உன் பாட்டில் பிழை கண்டேன். பிழை இருந்தது உண்மை. ஆயினும் மயிற்கொன்றைக்கு ஓர் உரிப்பொருள் வேண்டும் என்று நீ தேடினாயே, அத்தேடலில் பிழையில்லை. நான் மலரின் ஊரை மட்டும் உனக்குச் சொன்னேன். அவ்வூரில் நடந்ததை இன்று சொல்லிவிட்டேன். அப்பாட்டை மீண்டும் எழுது. அடுத்த கூட்டத்தில் கேட்கக் காத்திருக்கிறேன்.

பத்தாண்டு கண்ட நம் வட்டம் நூறாண்டு காண்க.